தண்ணீர் சென்ற பாலங்கள்

தலவிலக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது மணல்தான். மேற்கே கடல், கிழக்கே புத்தளக் களப்பு, நடுவே ஒடுங்கிய கற்பிட்டிக் குடாநாடு. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குக் கத்தோலிக்க மக்கள் திரள் திரளாக வந்து கூடுவார்கள். மற்ற நாட்களில் காற்றும் அலையும்தான் துணை.

இந்தக் குடாநாட்டில் ஓர் ஆறுகூட இல்லை. ஆனாலும் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. எப்படி? மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது அல்லவா! அளவோடு அள்ளினால் இனிக்கும். அளவு மீறி இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும்.

இப்படி நிலத்தடியில் நீர் கிடைக்காத ஊர்களில் மனிதர் என்ன செய்தார்கள்? தொலைவிலிருந்து கொண்டுவந்தார்கள். இதில் பெயர் பெற்றவர்கள் ரோமர்கள். மெல்லிய சரிவாக வாய்க்கால் வெட்டி, பள்ளம் குறுக்கிட்டால் வளைவு வளைவாகப் பாலம் கட்டி அதன்மேல் தண்ணீரை ஓட்டினார்கள். பிரான்சின் தெற்கே அப்படியொரு பாலம் இன்றும் 49 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஆனால் ஸ்பெயினின் டொலேடோ நகருக்குத் தண்ணீர் தந்த பாலம் மறைந்துவிட்டது. ஆற்றங்கரையில் அதன் அடிக்கட்டுகளே மிச்சம். அரபிகள் துலைதுலா என்றழைத்த அந்நகரில், ஆற்றுநீரை மேலே ஏற்றிய பெரிய சக்கரத்தைப் பற்றிப் 12ஆம் நூற்றாண்டில் அல்இத்ரீஸி எழுதிவைத்திருக்கிறார்.

நமக்கு அருகில், கர்நாடகத்தின் ஹம்பியிலும் இத்தகைய மிச்சங்களைக் காணலாம். அதுவே பழைய விஜயநகரம். ஹிராத்தில் ஆண்ட ஷாருக் மன்னரின் தூதராக 1443இல் அங்கு வந்த அப்துர் ரஸ்ஸாக், செதுக்கி மெருகிட்ட கல் வாய்க்கால்களில் நீர் ஓடியதைக் கண்டு வியந்தார். அதற்கு நான்காண்டு முன்பு, 1439இல், அஹ்மத் கான் என்பவர் அங்கே ஒரு பள்ளிவாசலும் கட்டியிருந்தார்.

1565இல் நகரம் அழிந்தது. இன்று அரண்மனை வளாகத்தில் தூண்கள்மேல் வைத்த கல் வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. ஆனைகுந்திப் பக்கம் துங்கபத்திரையின் கிளையைத் தாண்டித் தண்ணீர் கொண்டுசென்ற பாலத்தில் எஞ்சியவை சில கருங்கல் தூண்களே.

ஆனால் சகோதரிகளே, அதே காலத்தில் வெட்டிய வயல் வாய்க்கால்கள் சிலவற்றில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது! நெல்லும் வாழையும் விளைகின்றன. அரண்மனை போனதும் அதற்கு நீர் தந்த வாய்க்காலைக் கவனிக்க ஆளில்லை. வயலுக்கு நீர் தந்ததைத் தூர்வார மட்டும், ஆட்சிகள் மாறியும், ஆள் இருந்துகொண்டே இருந்தது. கல்லின் பலம் பெரிதல்ல, பராமரிக்கும் கைதான் பெரிது.

நம் குடாநாட்டில் பாலமும் இல்லை, தூணும் இல்லை. மணலே நமக்கு வாய்க்கால். அது கெட்டுப்போனால் சுற்றிப் பார்க்க இடிபாடுகூட மிஞ்சாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களும் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சம் புகுந்தன. குடிக்கவும் வுழூச் செய்யவும் இந்த மண்ணின் தண்ணீரே கைகொடுத்தது.

இன்று அதற்கு ஆபத்து வந்திருக்கிறது. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு அளவுக்கு மீறிப் போடும் பசளை மணலில் விரைவாக இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் இதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மிஞ்சினால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கலாம்.

இதைத் தாய்மார்கள் மறக்கக் கூடாது: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். எனவே கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமையுங்கள். தோட்டம் செய்யும் வீட்டாரிடம் பசளையின் அளவைப் பற்றிப் பேசுங்கள். கிணற்றடியை நன்கறிந்தவர்கள் பெண்கள்தாம். இந்த மணலைக் காக்கும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.