மாலையில் தாழும் இமை

"என்னங்க, இடது கண்ணு மட்டும் சின்னதாத் தெரியுதே?" என்று துணைவியார் கேட்டபோதுதான் கண்ணாடியை உற்று நோக்கினோம். மேலிமை கண்மணியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாத்திரை என்பது இமைப்பொழுதும் கைந்நொடியும் எனத் தொல்காப்பியர் வகுத்ததை இருபதாண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறோம். எந்தக் கண்ணின் இமை என்று மாணவர் எவரும் கேட்டதில்லை.

உறக்கமின்மை என்றார் உடன் பணிபுரியும் பேராசிரியர். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்றார் இன்னொருவர். அண்டை வீட்டுப் பெரியவரோ பக்கவாதம் என்றே முடிவு கட்டிவிட்டார். மருத்துவரிடம் செல்வதா, சில நாள் பொறுப்பதா என்பதே நம்முன் நின்ற வினா.

நாள்தோறும் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் சென்று மீள்வது நம் வழக்கம். காலைப் பயணத்தில் இமை ஒழுங்காகவே இருந்தது. மாலையில் திரும்பும்போது, பரங்கிப்பேட்டையைக் கடப்பதற்குள் தாழ்ந்துவிடும். ஒருநாள் சன்னலுக்கு வெளியே மின்கம்பங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு கண்ணை மூடியதும் ஒன்றாயின. உறக்கமின்மை கம்பங்களை இரட்டிக்குமா என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

இமை தாழ்வதற்குக் காரணங்கள் பல. இமையை உயர்த்தும் தசைநார் வயதாலோ, நெடுநாள் காண்டாக்ட் லென்ஸ் அணிந்ததாலோ, கண்புரை அறுவைக்குப் பின்னரோ தளரலாம், அதில் பெருந்தீங்கில்லை. பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால் அது எப்போது தொடங்கிற்று என்பது விளங்கிவிடும். ஆனால் இமை திடீரெனச் சரிந்து, கடுந்தலைவலியும் உடனிருந்து, அக்கண்ணின் பாவை அகன்றிருக்குமானால், மூளையின் இரத்தக்குழாய்ப் புடைப்பு மூன்றாம் மூளை நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். பாவை சுருங்கிக் கழுத்து வலித்தாலும், நாக்குழறிக் கைகால் சோர்ந்தாலும் காத்திருத்தல் கூடாது. 108-ஐ அழைப்பதே செய்யத்தக்கது. இவற்றுள் ஒன்றும் நம்மிடம் இல்லை. எனவே இரவோடிரவாக ஓட வேண்டிய நிலை நமக்கில்லை என்று தெளிந்தோம். அதற்காகச் செல்லாமலே இருந்துவிடலாம் என்றும் ஆகாது.

நம் பக்கத்து வயற்காட்டு ஊர்களில் இமைச்சரிவுக்கு வேறொரு பொருளும் உண்டு. தரையில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியிராது. கடிவாயும் கண்ணில் படாது. விடியலில் வயிற்றுவலியோடு எழுந்தவரின் இமைகள் மேலெழாமல் தொங்கும். உறவினர் அதைத் தூக்கக் கலக்கம் என்பர். அறிந்த மருத்துவரோ இமையைக் கண்டதுமே பாம்புக்கடியை ஐயுறுவார். நரம்பு தசைக்கு ஆணையிடும் சந்திப்பில் இந்நஞ்சு நரம்பின் நுனியைச் சிதைக்கிறது. நாகத்தின் நஞ்சு, எதிரே தசையிலுள்ள ஏற்பிடங்களை அடைக்கிறது.

அந்த ஏற்பிடங்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கினால் அதுதான் மயஸ்தீனியா கிராவிஸ். உழைக்க உழைக்கத் தசை சோரும், ஓய்வில் தேறும். பலருக்கு இமையிலும் இரட்டைப் பார்வையிலும் தொடங்குகிறது. நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980களில் இந்நோய் வந்ததைப் பலரும் அறிவர். இதன் அறிகுறிகள் குராரே என்னும் அம்பு நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கண்ட மேரி வாக்கர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அந்நஞ்சின் முறிவு மருந்தையே 1934-இல் நோயாளிக்குத் தந்து பலன் கண்டார். அவ்வகை மருந்துகள் இன்றும் பயன்படுகின்றன. நாகப்பாம்புக் கடிக்கும் நஞ்சுமுறியுடன் சேர்த்துத் தருகிறார்கள்.

செல்வதென்று துணிந்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவு காலையில் நடப்பது. நமது இமையோ காலையில் நல்ல பிள்ளை! ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால்? ஆகவே ஒரு வாரம், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே விளக்கொளியில் கைப்பேசியால் முகத்தைப் படமெடுத்தோம். மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டு காலையில் செல்வதற்கு வேறு வழி தோன்றவில்லை.

அண்ணாமலை நகரில் 1985-இல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 2021-இல் அரசு சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கடலூரில் வாழ்ந்து சிதம்பரத்தில் உழைக்கும் நமக்கு, கடலூரின் பெயரைச் சிதம்பரத்தில் தாங்கி நிற்கும் அதுவே பொருத்தமாகப் பட்டது.

படங்களை வரிசையாகப் பார்த்த கண் மருத்துவர், கண் கொட்டாமல் மேலே நோக்கச் சொன்னார். ஒரு நிமிடம் கடப்பதற்குள் இமை மெல்லக் கீழிறங்கியது. கையுறையில் பனிக்கட்டி நிரப்பி, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை ஏறியிருந்தது. குளிர்ச்சியில் அச்சந்திப்பு சற்றுச் செம்மையாக இயங்குமாம். எதிர்ப்பொருள் காண இரத்தம் எடுத்தனர். தைமஸ் சுரப்பியைப் பார்க்க மார்புக்கு ஸ்கேன் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினர். விழுங்குவதிலோ மூச்சிலோ இடர் தோன்றினால் எந்நேரமாயினும் உடனே வர வேண்டும் என்று இருமுறை சொன்னார்.

இரத்தச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. விடைத்தாள்களை இப்போது விடியற்காலையில் திருத்துகிறோம்.