அப்பன் யார்?

அன்புள்ள தங்கச்சி,

அட்லாண்டிக் நடுவே, போர்த்துக்கல்லின் சாவ் மிகேல் தீவில் இருந்து எழுதுகிறேன். இங்கேயும் தேயிலை மலை இருக்கிறது என்றால் அம்மா நம்பமாட்டா. கொரியானா தோட்டம் 1883 முதல் நடக்கிறது. நம் பக்கம் கோப்பியை இலைநோய் தின்ற பிறகு தேயிலை பரவியது. இங்கே தோடை மரங்களை நோய் அழித்த பிறகு.

பதுளையில் கச்சான் அடித்துக் கொழுந்துக்கு வாசம் ஏறும் ஜூலையில் இங்கேயும் கொழுந்து எடுப்பு உண்டு. ஆனால் கூடையும் இல்லை, மட்டக்கம்பும் இல்லை. நிரையின் இருபக்கமும் ஆள் நின்று இயந்திரத்தைப் பிடித்து நடக்க, வெட்டுப்பட்டது பின்னால் இழுபடும் நீளத் துணிப்பைக்குள் பறக்கிறது. முற்றல் இலையும் சேர்ந்துதான். அம்மா பார்த்தால் கங்காணியையும் சேர்த்து ஏசுவா.

இந்த வேலைக்கு இவர்கள் சொல்லும் வினைச்சொல் நம் காதில் ‘அப்பன் யார்’ என்றே விழும். சரி, அதன் அப்பன் யார்? துணி என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலர். ‘பானு’ என்றால் போர்த்துக்கேயத்தில் துணி, லத்தீனில் ‘பன்னுஸ்’. துணிக்குள் வாரிச் சேர்ப்பது என்று தொடங்கியிருக்க வேண்டும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசும் கலீசியம் இதற்கு உடன்பிறந்த மொழி. எழுத்து சற்று மாறினாலும் ஓசை அதே. உதிர்ந்த செஸ்நட் கொட்டை பொறுக்குவதற்கு அங்கே இந்தச் சொல்தான். லயத்துப் பிள்ளைகள் சுள்ளி பொறுக்கிப் பாவாடை மடியில் கட்டி வருமே, அது கலீசியக் கிழவிக்கு உடனே புரியும்.

போர்த்துக்கேயர் அதோடு விடவில்லை. பஸ் பிடிப்பதும் இதே சொல், மழையில் நனைவதும் தடிமன் பிடிப்பதும் இதே சொல். எதை என்று சொல்லாமல் வெறுமனே சொன்னால் அடி வாங்கினான் என்று அர்த்தம். நாமும் ‘நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்’ என்கிறோம். கட்டுவதற்குத் துணி எங்கிருந்து வந்ததோ!

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கொன்ஸ்தந்தீனு த சா. இலங்கையில் போர்த்துக்கேயப் படைக்குத் தலைவன். 1630இல் ஊவாவுக்கு ஏறி வந்து, பதுளையைக் கொள்ளையிட்டுத் தீ வைத்தான். வாரிய வரைக்கும் முதல் அர்த்தம். திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெலவில், கூட வந்த சிங்களச் சிப்பாய்களான லஸ்கரின்களே கண்டி அரசன் பக்கம் சேர்ந்துகொள்ள, அங்கேயே கொல்லப்பட்டான். இரண்டாவது அர்த்தத்தை ஊவாக்காரர்கள் படித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் அண்ணன்