ரேண்டம் ஸ்குவாடும் நம்ம ஸ்குவாடும்

1/
"டாக்டர், நீங்க இன்னும் மொபைல்ல துப்பாக்கிச் சண்டை விளையாடுறீங்களாமே?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆமாங்க, விளையாடுறேன். வாரத்துக்கு இரண்டு இரவு, டியூட்டி இல்லாத நாட்களில், ஒன்றரை மணி நேரம்.

கேம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த இந்த த்ரெட் இல்லை. தனியாக விளையாடுவதும் ஒரு டீமாக விளையாடுவதும் எப்படி இரண்டு வேறு அனுபவங்கள் என்பதைச் சொல்லத்தான். கேமே தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். பாதிக் கதை ஆஸ்பத்திரிக் கதைதான்.

2/
முதலில் தெரியாதவர்களுக்காக. பப்ஜி மொபைல் நம் நாட்டில் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதுவே பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. நூறு பேர் வரை ஒரு தீவில் பாராசூட்டில் குதிப்பார்கள். வெறும் கை. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, ஹெல்மெட், மருந்து எல்லாம் தேடி எடுக்கணும். நிற்கும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசி வரை உயிரோடு இருப்பவருக்கு 'சிக்கன் டின்னர்'.

இதைத் தனியாக ஆடினால் சோலோ, இரண்டு பேர் என்றால் டுவோ, நான்கு பேர் என்றால் ஸ்குவாட். கூட ஆள் இல்லாமல் ஸ்குவாட் போனால், முன்பின் தெரியாத மூன்று பேரை கேமே கோத்துவிடும். அவங்களுக்குப் பேர்தான் 'ரேண்டம்'.

3/
இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது.

சோலோவில் உயிர் பூஜ்ஜியம் ஆனால் அவ்வளவுதான். ஆட்டம் முடிஞ்சுது, லாபிக்குப் போ.

ஸ்குவாடில் அப்படி இல்லை. கூட்டாளி ஒருவர் நின்றுகொண்டிருந்தால், நீங்கள் சாகமாட்டீர்கள். 'நாக்' ஆவீர்கள். முட்டிபோட்டு நகரலாம், சுட முடியாது. உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். அதற்குள் ஒருவர் பக்கத்தில் வந்து சில வினாடிகள் உட்கார்ந்தால் எழுந்துவிடுவீர்கள். அந்த நேரத்தில் அவராலும் சுட முடியாது. உங்களுக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் உட்கார்ந்திருப்பார்.

அதே குண்டு, அதே காயம்தான். பக்கத்தில் ஆள் இருக்கா இல்லையா என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பதும் இதைத்தான்.

4/
ஆனால் நாலு பேர் இருந்துவிட்டால் மட்டும் டீம் ஆகிவிடாது.

ரேண்டம் ஸ்குவாட் ஆடியவர்களுக்குத் தெரியும். ஒருத்தர் வடக்கே குதிப்பார், ஒருத்தர் தெற்கே. ஒருத்தர் மைக்கை ஆன் செய்துவிட்டு மறந்திருப்பார், பின்னால் மிக்ஸி ஓடும். நாலாவது ஆள் வாயே திறக்கமாட்டார். நீங்கள் நாக் ஆகி "ரிவைவ், ரிவைவ்" என்று கத்துவீர்கள். பக்கத்தில் இருப்பவர் எதிரியின் பெட்டியில் என்ன துப்பாக்கி கிடக்குதுன்னு கிளறிட்டு இருப்பார்.

தனித்தனியாகப் பார்த்தால் நாலு பேருமே நல்லா சுடுறவங்கதான். ஆனால் அங்கே நடப்பது ஒரே நேரத்தில் நாலு சோலோ ஆட்டம். அதனால் ஒவ்வொருத்தராகச் சாகிறார்கள்.

5/
எங்க ஸ்குவாட் ஹாஸ்டல் பேட்ச்மேட்ஸ். ஒருத்தன் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒருத்தன் கோவையில் ஐசியுவில், ஒருத்தன் வடக்கே மேற்படிப்பில், நான் மதுரையில். வயசாயிடுச்சு, விரல் வேகம் இல்லை. ஒரு பத்தாம் வகுப்புப் பையனோடு நேருக்கு நேர் நின்றால் பத்து வினாடி தாங்கமாட்டோம்.

ஆனால் நாலு பேரும் சேர்ந்து போனால் பெரும்பாலும் கடைசிப் பத்து அணிக்குள் வந்துவிடுவோம். காரணம் பேசுற விதம்.

ஆரம்பத்தில் "டேய் அங்கடா, அங்க அங்க!" என்றுதான் கத்துவோம். 'அங்க'ன்னா எங்க? பிறகு பழகிக்கொண்டோம். "கிழக்கே 90, மஞ்ச வீட்டு மாடி, ரெண்டு பேர், நான் ஸ்மோக் போடுறேன்." எந்தத் திசை, எந்த இடம், எத்தனை பேர், நான் என்ன செய்கிறேன். அடுத்தவன் உடனே "ரெண்டு பேர், மாடி, பார்த்துட்டேன்" என்று திருப்பிச் சொல்வான். சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று முதல் ஆளுக்குத் தெரிந்துவிடும்.

6/
இப்ப ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது. கட்டிலைச் சுற்றி ஆறு பேர்.

"யாராவது அட்ரினலின் போடுங்க!" என்று ஒருவர் கத்தினால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று. எல்லாரும் அடுத்தவர் போட்டிருப்பார் என்று நினைப்பார்கள், இல்லைன்னா ரெண்டு பேர் போட்டுடுவாங்க.

எங்களுக்குச் சொல்லித்தரும் முறையே வேறு. "சிஸ்டர், அட்ரினலின் 1 மில்லிகிராம், ஐவி." "அட்ரினலின் 1 மில்லிகிராம் போட்டாச்சு, டாக்டர்." இதற்கு 'க்ளோஸ்டு லூப்' என்று பெயர். சொன்னது சுற்றி வந்து சொன்னவர் காதிலேயே விழவேண்டும்.

நெஞ்சை அழுத்துபவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தணும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவோம். ஏன்னா, தான் களைத்துவிட்டதை அழுத்துபவரே உணர்வதற்கு முன்னாடி அழுத்தத்தின் ஆழம் குறைய ஆரம்பித்துவிடும். தனி ஆளாக எவ்வளவு நேரமும் செய்வேன் என்ற வீரத்துக்கு இங்கே இடமில்லை.

ஆள் போதுமான அளவு இருந்தால், தலைமை தாங்குபவர் எதையும் கையில் எடுக்கமாட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று மொத்தத்தையும் பார்ப்பார், நேரம் சொல்வார். கேமிலும் அப்படி ஒருவர் உண்டு. நன்றாகச் சுடுபவர்தான் அவராக இருக்கணும்னு அவசியம் இல்லை.

7/
ஆபரேஷன் தியேட்டரில் ரேண்டம் ஸ்குவாட் அமைவது சகஜம். இன்றைக்கு ஒரு மயக்க மருந்து டாக்டர், நாளைக்கு வேறொருவர். புதிதாக வந்த நர்ஸ், நேற்று சேர்ந்த பயிற்சி டாக்டர்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கான ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள், அதில் ஒன்று டெல்லியில். 2009-ல் முடிவு வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடுறேன். 2014-ல் கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது அப்படி ஒரு பெரிய பலன் தெரியவில்லை. ஏன் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. என் கருத்து: பேப்பரில் டிக் போடுவது வேறு, வாயைத் திறந்து பேசுவது வேறு.

ரேண்டம் ஸ்குவாடில் போனால் இதை முயற்சி பண்ணிப் பாருங்க. குதிப்பதற்கு முன், "ஹாய், என்கிட்ட மைக் இருக்கு, நான் ரிவைவ் பண்றேன், பாலம் பக்கம் குதிக்கலாமா?" ஒரே ஒரு வாக்கியம். ஆட்டமே மாறும்.

8/
அப்போ சோலோ தப்பா? இல்லவே இல்லை.

24 மணி நேர டியூட்டி முடிந்து வந்த இரவில், இன்னொரு மனிதரின் உயிருக்கு நான் பொறுப்பு இல்லை என்ற அந்த அரை மணி நேரம் எவ்வளவு நிம்மதி தெரியுமா? செத்தால் நான்தான் சாவேன். யாரும் திட்டமாட்டாங்க. போனை வைத்துவிட்டுத் தூங்கலாம். காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கணிக்கும் பொறுமையும் சோலோவில்தான் வரும்.

டீம் ஆட்டத்துக்கும் மோசமான பக்கம் உண்டு. மைக்கில் காது கூசும் வசவு. தோற்றதும் ஒருத்தன் மேல் பழி. பிள்ளைகளிடம் போட்டோ, போன் நம்பர் கேட்கும் முகம் தெரியாத ஆட்கள். நடுவில் எழுந்து போகவும் முடியாது, மூணு பேர் காத்திருப்பாங்க.

9/
பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "எவ்வளவு நேரம் விளையாடுற?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். கூடவே "யாரோட விளையாடுற?" என்றும் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பெயர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது வைஃபையைப் பிடுங்காதீங்க. ஒரு ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "இந்த மேட்ச் முடிஞ்சதும் சாப்பிட வா" என்றால் சண்டை பாதி குறையும்.

கட்டுப்படுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டி, கெடுதல் வந்த பிறகும் விடாமல் மாதக்கணக்கில் விளையாடுவது நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' இருக்கிறது. அந்த நிலை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்க. சனிக்கிழமை நண்பர்களோடு இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டு ஆடும் பையன் அந்தப் பட்டியலில் வரமாட்டான்.

10/
இனி சொல்லப்போவதை சம்பந்தப்பட்டவனின் அனுமதியோடு, சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வடக்கே படித்த நண்பன்தான் எங்க ஸ்குவாடின் தலைவன். திசை சொல்வது, எப்போ நகரணும் என்று சொல்வது எல்லாம் அவன்தான். ஒரு குளிர்காலத்தில் வர்றதை நிறுத்தினான். "நெட் சரியில்லடா," "டியூட்டிடா." நம்பும்படியான காரணங்கள்தான்.

கேமில் நண்பர்கள் பட்டியலில் யார் ஆன்லைன், யார் ஆட்டத்தில் என்று தெரியும். கோவைக்காரன் நைட் டியூட்டி இடைவேளையில் போனைத் திறந்தவன் எனக்கு மெசேஜ் போட்டான்: "மூணு மணிக்கு அவன் சோலோ ஆடிட்டு இருக்கான். நேத்தும் அப்படித்தான். அவன் சோலோவே ஆடமாட்டானேடா."

11/
போன் பண்ணினேன். மூன்றாவது தடவை எடுத்தான்.

"ஸ்குவாடுக்கு வந்தா பேசணும்லடா. எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

நோயாளியிடம் கேட்பதுபோல் நேராகவே கேட்டேன். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பப்போ."

இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்கிவைக்கத்தான் உதவும்.

விடியும்வரை போனை வைக்கவில்லை. சுகாதார நிலையத்து நண்பன் லீவு சொல்லிவிட்டு முதல் விமானத்தைப் பிடித்தான். கோவைக்காரன் அதே ஊரில் ஒரு சீனியரைப் பிடித்து அவன் அறைக்கே அனுப்பினான். யார் எதைச் செய்வது என்று நாங்கள் விவாதிக்கவே இல்லை. "நான் போறேன்." "நான் லைன்ல இருக்கேன்." "சீனியர் போய்ச் சேர்ந்துட்டாரு." அவ்வளவுதான் பேச்சு.

மனநல மருத்துவர், மாத்திரை, சில மாத விடுப்பு. இப்போது படிப்பை முடித்துவிட்டு வேலையில் இருக்கிறான். மாத்திரை இன்னும் தொடர்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சர்க்கரைக்கு மாத்திரை போடுறோம் இல்லையா, அது மாதிரிதான்.

12/
சோலோ ஆடுவது நோயின் அறிகுறி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். எப்போதும் கூட்டத்தோடு இருந்தவர் காரணம் சொல்லிச் சொல்லி ஒதுங்குவது, தூங்கவேண்டிய நேரத்தில் விழித்திருப்பது, பிடித்த விஷயம் திடீரென்று பிடிக்காமல் போவது. கேமுக்குப் பதிலாக கேரம், வாக்கிங், டீக்கடை அரட்டை என்று போட்டுக்கொள்ளுங்கள். கதை ஒன்றுதான்.

நாக் ஆனவர் எல்லோரும் "ரிவைவ்" என்று கத்தமாட்டார்கள். நல்ல டீம் அதற்காகக் காத்திருக்காது. திரையின் ஓரத்தில் கூட்டாளியின் உயிர்க்கோடு குறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

13/
உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ இந்த மாதிரி எண்ணம் வந்தால் 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம்.

உங்க கேங்கில் கொஞ்ச நாளாக "பிஸிடா" என்றே சொல்லும் ஆள் யார்? பெயர் மனதில் வந்திருக்கும். லைக் போடுவதற்கு முன் அவருக்கு ஒரு கால் பண்ணிடுங்க. எடுக்கலைன்னா மறுபடியும் பண்ணுங்க.