இரு ஞாயிறுகளின் வானம்

தென்சிலுவை விண்மீன் கூட்டத்தை அடையாளம் காட்டும் இரு விண்மீன்களுள் ஒளிமிக்கது ஆல்பா சென்டாரி. மே மாத இரவுகளில் நம் தென்வானின் அடிவிளிம்பில் அதைக் காணலாம். வெறுங்கண்ணுக்கு அது ஒன்று; உண்மையில் இரண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு தந்தை ழான் ரிஷோ தம் தொலைநோக்கியில் இதைக் கண்டறிந்தார். நம் மறைக்கல்வி வகுப்புகளில் இச்செய்தியை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இவ்விரு ஞாயிறுகளும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. வலிமை மிகுந்த மனிதருக்குத் திருப்பாடல் ஆசிரியர் கணித்த ஆயுளும் அதுவே. பாதை நீள்வட்டம். நெருங்கும்போது இடைவெளி, பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள தொலைவைப் போல் 11 மடங்கு. விலகும்போது 36 மடங்கு.

ஒருமுறை மாணவன் ஒருவன் கேட்டான்: "அங்கே மனிதர் இருந்தால், ஆண்டவர் அவர்களுக்காகவும் பாடுபட்டாரா, ஐயா?" மீட்பைப் பற்றி இதைவிடக் கனமான வினாவை நான் எதிர்கொண்டதில்லை. முதலில் அவர்கள் நிற்க ஒரு நிலம் வேண்டுமே என்றேன்.

நிலம் அமைய இடமுண்டு. நீர் உறையாமலும் கொதித்து ஆவியாகாமலும் இருக்கும் வாழ்தகு மண்டலம், பெரிய ஞாயிற்றுக்கு நம் பூமியின் தொலைவைவிடச் சற்று அப்பால் தொடங்கிப் பரவுகிறது. சிறியதற்கு அதைவிட நெருக்கத்தில் அமைகிறது. இரண்டாம் ஞாயிறு மிக அருகே வந்தாலும், அது தரும் வெப்பம் மிகச் சிறிதே. அஞ்சவேண்டியது அதன் ஈர்ப்பையே. ஆயினும் பூமியின் தொலைவைப் போல் சுமார் இரண்டரை மடங்குக்குள் சுற்றும் கோள் நெடுங்காலம் தன் பாதையில் நிலைக்கும் எனக் கணினிக் கணக்குகள் கூறுகின்றன. நிலைப்பது வேறு, பிறப்பது வேறு. தூசும் பாறையும் திரண்டு கோளாகும் பருவத்தில், துணை ஞாயிற்றின் இழுப்பு அவற்றை மோதிச் சிதறச் செய்திருக்கலாம். அங்கு ஓர் ஊர் இருந்தால், ஆண்டில் பாதி நாள்கள் அதற்கு இருண்ட இரவே இராது. முழுநிலவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஒளியோடு மற்றொரு ஞாயிறு காய்ந்துகொண்டிருக்கும். இராச் செபத்தை எப்போது சொல்வார்களோ!

2012இல் சிறிய ஞாயிற்றைச் சுற்றும் கோள் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2015இல் அது தரவுகளில் தோன்றிய மாயை எனத் தெரிந்தது. 2025 ஆகஸ்டில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரிய ஞாயிற்றின் அருகே ஒரு கோளின் சாயலைக் கண்டதாக அறிவித்தனர். 2024இல் ஒருமுறை தென்பட்ட அது பின்னர் இருமுறை நோக்கியும் தென்படவில்லை. மெய்யாகவே இருந்தாலும் அது சனியையொத்த வாயுக்கோள். கால் ஊன்ற நிலமில்லை. அதற்கு நிலவு ஏதும் உண்டா என்று அந்த மாணவன் உடனே கேட்டிருப்பான்.