இரும்பும் இசையும் படக்கதையும்

மதரஸாவில் தர்க்க நூல் பயிலும் மாணவருக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுக்கப்படும் விதி ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புரைப்பது, அப்பொருளை உள்ளவாறு மனத்தில் வாங்கிக்கொள்வதன் கிளையாகும் என்பதே அது. வேரின்றிக் கிளை இல்லை. அறிந்துகொள்ளாமல் தீர்ப்பும் இல்லை. எளிய விதிதான். ஆயினும் நம் சமுதாயத்தில் மிகுதியாக மீறப்படும் விதியும் இதுவே. பிள்ளைகள் விரும்பும் புதிய பொருள் எதுவாயினும், அது இன்னதென்று கேட்டறியும் முன்னரே, ‘ஆகாது’ என்னும் சொல் நம் வாயிலிருந்து புறப்பட்டுவிடுகிறது.

சென்ற ஆண்டு தா.பழூரில் இவ்விதியை நினைவூட்டும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. நம்மிடம் மாலை மக்தபில் ஓதி முடித்து, இப்போது மேல்நிலைப் பள்ளியில் படித்துவரும் வாலிபர் ஒருவருடைய தாயார், தம் தமையனாரை உடனழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். உள்ளே பக்கம் பக்கமாகப் படக்கதை. எலும்புக்கூடுகள், தீப்பிழம்பு, இரும்புக் கவசம் பூண்ட வீரர்கள், இடையிடையே ஆங்கிலத்தில் இசைக்குழுக்களின் பெயர்கள். “ஹஜரத், இது ஷைத்தானுடைய பாட்டுக்குப் போட்ட படமாம். பிள்ளை யாரிடமும் பேசுவதில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு இதையே வரைந்துகொண்டிருக்கிறான்” என்றார் தாயார். “கொளுத்திவிடச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பான்” என்றார் தமையனார். ஒரு வாரம் தவணை கேட்டு, நோட்டை வாங்கி வைத்துக்கொண்டோம். அந்த ஒரு வாரத்தில் நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையதென்று எண்ணுகிறோம்.

அவ்விசைக்கு ‘ஹெவி மெட்டல்’ என்று பெயர்; கனத்த உலோகம் என்பது பொருள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் அதன் பிறப்பிடங்களுள் தலையாயது. இரும்புப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. அங்கே தகடு வெட்டும் ஆலை ஒன்றில் டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர் வேலை பார்த்துவந்தார். 1965ஆம் ஆண்டில், ஆலையில் தமது கடைசி வேலை நாளன்று, அவருடைய வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கம் உடையவராதலால் கிட்டார் நரம்புகளை அழுத்துவதற்கு அவருக்கு வேண்டியிருந்தது அந்த வலக்கைதான். இனி வாசிக்க இயலாதென்று மருத்துவர்கள் கைவிரித்தனர். அவரோ பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோலை ஒட்டி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். விரல் நோகாதிருக்க மெல்லிய நரம்புகளைப் பூட்டினார்; பின்னர் அவற்றின் முறுக்கையும் தளர்த்தினார். ஓசை தாழ்ந்தது, கனத்தது. 1970 பிப்ரவரியில் அவருடைய குழுவாகிய பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பலர் அதனையே இவ்வகை இசையின் தொடக்கம் என்று கொள்கின்றனர். ஷைத்தானின் இசை என்று நாம் கேள்விப்பட்டதன் மூலத்தில், தொழிலாளி மகன் ஒருவனுடைய அறுந்த விரல்கள் இருக்கக் கண்டோம்.

இந்த இசையோடு படக்கதை இணைந்த வரலாறும் சுவையானதே. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மார்வல் நிறுவனம், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பாடும் ‘கிஸ்’ குழுவினரை நாயகர்களாக்கி ஒரு படக்கதை வெளியிட்டது. குழுவினர் தம் இரத்தத்தை எடுத்துச் சிவப்பு மையில் கலந்ததாக அப்போது பெரிய விளம்பரம். ஓடும் இரத்தம் நஜீஸ் என்று பாடம் நடத்தும் நமக்கு, அந்தப் புத்தகத்தைத் தொட்டவர் கை கழுவ வேண்டுமா என்னும் மஸ்அலாதான் முதலில் தோன்றியது! இது வணிகத் தந்திரமேயன்றி வேறில்லை. அயர்ன் மெய்டன் என்னும் ஆங்கிலேயக் குழுவுக்கு 1980 முதல் இசைத்தட்டு உறைகளில் ஓர் எலும்புருவம் உண்டு. ‘எடி’ என்பது அதன் பெயர். டெரெக் ரிக்ஸ் என்னும் ஓவியர் வரைந்தது. அவ்வுருவத்தை நாயகனாக்கிய படக்கதை 2017இல் வெளிவந்தது. நம் மாணவரின் நோட்டில் முதற்பக்கத்தில் நின்றதும் அதன் சாயலே.

இவையெல்லாம் கடல் கடந்த சங்கதிகள், நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். பிரான்சு நாட்டில் 1974ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஊளையிடும் உலோகம்’ என்று பொருள்படும் பெயருடன் படக்கதை இதழ் ஒன்று உருவாயிற்று. அதன் அமெரிக்கப் பதிப்பு 1977 முதல் ‘ஹெவி மெட்டல்’ என்ற பெயரிலேயே வந்தது. பிரெஞ்சு இதழை நிறுவியவர்களுள் ஒருவர் மோபியஸ் என்ற புனைபெயர் பூண்ட ஷான் ஜிரோ என்னும் ஓவியர். அவர் தம் இயற்பெயரில் வரைந்த மற்றொரு கதைத் தொடரின் நாயகனைத் தமிழ் வாசகர் நன்கறிவர். சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் ‘கேப்டன் டைகர்’ என்ற பெயரோடு குதிரையேறி வந்த வீரனே அவன். 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது ‘இரும்புக்கை மாயாவி’. ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்ட மனிதன், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் வெளியே தெரிய உலவும் கதை. கிராமத்து முடிதிருத்தும் நிலையங்களில் காத்திருந்து அதனைப் படித்த தலைமுறை நம்முடையது. அதைப் படித்ததனால் நம் ஈமானுக்குக் குறைவு ஏதும் வந்ததாக நமக்குத் தோன்றவில்லை. தமிழ் எழுத்துக்களை விரைந்து படிக்கும் பழக்கம் பலருக்கு அதனாலேயே வந்தது.

எலும்பும் பிணமும் பேயும் வரைவது நம் மரபுக்கு அந்நியம் என்பாரும் உளர். அவர்கள் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைப் பார்க்கவேண்டும். அதில் போர்க்களத்துப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன, பரிமாறி உண்கின்றன, களிப்பால் கூத்தாடுகின்றன. அப்பரணி யாருடைய வெற்றியைப் பாடியதோ அந்தக் குலோத்துங்க சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம், தா.பழூருக்கு அதிகத் தொலைவில் இல்லை. பல நூற்றாண்டுகளாகப் புலவர்கள் அதனைப் பாடம் சொல்லி வந்திருக்கின்றனர். பேய் வழிபாட்டுக்காக எவரும் அதனைக் கற்றதில்லை. நம் முஸ்லிம் புலவர்களும் படைப்போர் என்றொரு இலக்கிய வகையையே வளர்த்தார்கள். அவற்றிலும் வாள் மின்னும், தலைகள் உருளும்.

படத்தோடு கதை சொல்வதும் நமக்குப் புதிதன்று. மதரஸாக்களில் அரபி இலக்கியப் பாடமாக ஹரீரியின் மகாமாத்தை ஓதியவர்கள் அதன் சொல்லாடலில் மயங்கியிருப்பார்கள். ஐம்பது மகாமாக்கள் கொண்ட அந்நூலின் பிரதி ஒன்றை ஹிஜ்ரி 634இல், அதாவது கி.பி. 1237இல், யஹ்யா அல்வாஸிதீ என்பவர் தம் கையாலேயே எழுதிப் படங்களும் தீட்டினார். ஒட்டகக் கூட்டமும் பள்ளிவாசல் மிம்பரும் கிராமத்துச் சந்தடியும் அப்படங்களில் உயிரோடு நிற்கின்றன. அப்பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே கடுமையான கருத்தும் உண்டு, தளர்வான கருத்தும் உண்டு. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களிடையே சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததையும், குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபி (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடையிறுத்ததையும், அதுகேட்டுப் பெருமானார் வாய்விட்டுச் சிரித்ததையும் ஹதீஸ் நூல்களில் ஓதியிருக்கிறோம். பிள்ளையின் கற்பனைக்கு அங்கே கிடைத்தது சிரிப்பு, கண்டனமன்று.

மாணவரின் நோட்டில் மணற்பாலைவனக் கதை ஒன்றும் இருந்தது. அதன் ஊற்றுக்கண் 1965இல் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய ‘டியூன்’ நாவல். அயர்ன் மெய்டன் குழுவினர் 1983இல் அக்கதையைப் பாட்டாக்கி, நாவலின் பெயரையே சூட்ட விரும்பினர். ஆசிரியர் இசையவில்லை, வேறு பெயர் வைத்துக்கொண்டனர். அந்த நாவலின் நாயகனுக்கு ‘முஅத்திப்’ என்று பெயர். அதப் கற்பிக்கும் ஆசிரியர் என்பது அரபியில் அதன் பொருள். ‘லிசானுல் கைப்’ என்றொரு பட்டமும் அதில் வருகிறது. மறைவானவற்றின் நாவு எனப் பொருள்படும் இப்பட்டம் பாரசீகக் கவி ஹாஃபிளுக்கு வழங்கியது. நம் வீட்டுச் சொற்கள் எங்கெங்கோ சுற்றி, இங்கிலாந்துப் பாட்டின் வழியாகத் தா.பழூர்ப் பிள்ளையின் நோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவனுக்கு அவற்றின் பொருளைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாம் அல்லவா?

முஸ்லிம் நாடுகளிலும் இக்கேள்வி எழுந்திருக்கிறது. ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ரபி 2000ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ‘பெர்சபொலிஸ்’ என்னும் படக்கதையில், மகளுக்காகப் பெற்றோர் துருக்கியிலிருந்து இசைக்குழுவின் சுவரொட்டியைத் தந்தையின் மேலங்கிக்குள் தைத்து எல்லை கடத்திக் கொண்டுவருகின்றனர். அதுவும் அயர்ன் மெய்டனின் சுவரொட்டியே. இந்தோனேசியாவில் கரூத் வட்டாரத்து இஸ்லாமியப் பள்ளியில் படித்த மூன்று மாணவியர், ஆசிரியர் ஒருவரின் ஊக்கத்தால் 2014இல் ‘வாய்ஸ் ஆஃப் பச்சப்ராட்’ என்னும் குழுவை அமைத்தனர். முக்காட்டைக் களையாமலே கனத்த உலோக இசை வாசித்து, 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடை வரை சென்றனர். தம் ஊரில் அவர்கள் கேட்ட ஏச்சும் கொஞ்சமன்று. இவற்றை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இப்படியும் இருக்கிறது என்று அறிந்துகொள்வதே நம் நோக்கம்.

இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நார்வே நாட்டில் இவ்விசையின் ஒரு கிளையைச் சேர்ந்த இளைஞர்கள், 1992 முதல் பழமையான மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்தனர். அதே ஆண்டின் டிசம்பரில், ஒரு வணக்கத்தலம் தகர்வது எத்தகைய வலி என்பதை அறிந்துகொண்டவர்கள் நாம். எந்தச் சமயத்தாரின் வணக்கத்தலமாயினும் அந்த வலி ஒன்றே. வணக்கத்தலத்தைப் பழிப்பது, போதையைப் புகழ்வது, நாணம் கெடுப்பது, தொழுகையை மறக்கடிப்பது ஆகியவை எப்பாட்டில் இருந்தாலும் எப்படத்தில் இருந்தாலும் விலக்கத்தக்கவையே. இசைக்கருவிகளைப் பொறுத்தவரை நான்கு மத்ஹபுகளின் இமாம்களிலும் பெரும்பாலோர் கண்டிப்பானவர்கள். இப்னு ஹஸ்ம் போன்றோர் தளர்த்தினர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் இசை கேட்பது பற்றித் தனிப் பகுதியே எழுதி, நிபந்தனைகளை வகுத்தார்கள். கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் கொளுத்துவது தீர்ப்பாகாது.

தவணை முடிந்த அன்று மாணவரை மட்டும் வரச் சொன்னோம். நோட்டைத் திருப்பிக் கொடுத்து, கதையைச் சொல்லச் சொன்னோம். முதலில் தயங்கினார், பிறகு நிறுத்தவில்லை. கதையில் ஒரு மனிதன் மணல்வெளியில் தீப்பொறிகளுக்கிடையே வேலை செய்கிறான். முகத்தில் இரும்புக் கவசம். நாளடைவில் கையும் இரும்பாகிறது, தோளும் இரும்பாகிறது. ஊரிலிருந்து மகன் கூப்பிடும் குரல் கவசத்துக்குள் புகவில்லை. “இவர் யார்?” என்று கேட்டோம். “அத்தா” என்றார். வளைகுடாவில் அவருடைய தந்தை பற்றவைப்புத் தொழிலாளி என்பது நாம் அறிந்ததே. இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் ஊர் வருகிறார். தொலைபேசியில் மதிப்பெண் கேட்பார். தொழுதாயா என்று கேட்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடுவதில்லை. ஷைத்தானின் படம் என்று வீட்டார் அஞ்சியது, தந்தைக்கு மகன் எழுதி அனுப்பாத கடிதமாக இருந்தது.

நாம் அவருக்குக் கூறியது தாவூது நபி (அலை) அவர்களின் வரலாறு. மலைகளும் பறவைகளும் அவர்களோடு சேர்ந்து துதிபாடின என்று சொல்லும் அதே திருவசனத்தில்தான், அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டது என்பதும் சொல்லப்படுகிறது. அடுத்த வசனம், வளையங்களை அளவாக இணைத்துக் கவசம் செய்யுமாறும், கூடவே நற்செயல் புரியுமாறும் பணிக்கிறது. இனிய குரலும் இரும்பு வேலையும் ஒரே நபியிடம் அல்லாஹ் கொடுத்த அருள்கள். இரும்பு என்ற பெயரிலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் கடும் ஆற்றலும் மக்களுக்குப் பயனும் உண்டென்று இறைவன் கூறுகிறான். ஆற்றல் எப்பக்கம் திரும்பும் என்பது பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. “கதையை முடித்து அத்தாவுக்கு அனுப்புங்கள், வக்து வந்தால் காதிலிருக்கும் கருவியைக் கழற்றி வையுங்கள்” என்று இரண்டே நிபந்தனைகள் விதித்தோம். தாயாரிடம் நோட்டைக் காட்டி, அக்கவசத்துக்குள் இருப்பவர் யாரென்று சொன்னபோது, அவர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாரேயன்றி ஒன்றும் பேசவில்லை. தமையனார் மட்டும், “எலும்புக்கூட்டையாவது அழிக்கச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

பெற்றோருக்கு நாம் சொல்வது இதுவே. உங்கள் பிள்ளை எதைக் கேட்கிறான், எதை வரைகிறான் என்று ஒருநாள் அவனருகே அமர்ந்து கேளுங்கள். அதில் தீங்கு இருந்தால் அவனே உங்களிடம் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருங்கள். கேட்டறிந்தபின் கண்டிப்பதற்கு உங்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு. கேளாமல் கண்டிப்பவரின் சொல், கவசத்துக்கு வெளியே நின்று கூப்பிடும் குரலாகவே முடியும். தாவூது நபிக்கு இரும்பை இளக்கிக் கொடுத்த வல்ல நாயன், நம் உள்ளங்களையும் நம் மக்களின் உள்ளங்களையும் ஒன்றுக்கொன்று இளகச் செய்வானாக. ஆமீன்.