சிக்கரி எவ்வளவுன்னு எழுதியிருக்கியா?

எங்கள் கடையில் நீளமான நோட்டு ஒன்று உண்டு. கடன் நோட்டு அல்ல, நாக்கு நோட்டு. 'டீச்சரம்மா - பீபெர்ரி முக்கால், ஏ கால், சிக்கரி 10, நைஸ் அரவை.' 'மெஸ்காரர் - ரோபஸ்டா பாதி, சிக்கரி 40.' 'லாரி ஆபீஸ் - ஏ மட்டும், கருக வறுக்கணும்.' திண்டுக்கல்லில் 35 வருஷமாகக் காபித்தூள் கடை நடத்திய அப்பா, வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்பே கொட்டையை அள்ளித் தராசில் போட்டுவிடுவார்.

அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது நான் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தேன். அப்போது எனக்கு 38 வயது. வந்து பார்த்தால் கல்லாவில் பாதிதான் இருந்தது. நோட்டில் இருந்தவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மளிகை ஆப்பில் பாக்கெட் தூள் வாங்குகிறார்கள்.

'நாமும் பாக்கெட் போடலாம், ஆனால் வேறு மாதிரி' என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. சில்வர் ஓக் மரத்தில் மிளகு படர்ந்திருக்கும்; அதன் நிழலில் காபிச் செடி, நடுநடுவே மலைவாழை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் கடைக்கு வரும் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், 'நல்ல காபியா? கூர்க், சிக்மகளூர்' என்பார்கள்.

"மலைக்காபின்னு நாம ஏன்ப்பா இதுவரைக்கும் சொல்லி விக்கல?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? அந்தக் காலத்துல எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் போர்டுக்குத்தான் போகும். அங்கே மொத்தமாச் சேந்து, தரம் பிரிச்சு வெளிய வரும். பீபெர்ரின்னு தெரியும், பிளான்டேஷன் ஏன்னு தெரியும். எந்தத் தோட்டம்னு எவனுக்குத் தெரியும்?"

அவர் சொன்னது சரிதான். 1940-களில் தொடங்கிய அந்தப் பொதுத் தொகுப்பு முறை 1990-களின் நடுவில்தான் முழுசாக விலகியது. அதன் பிறகுதான் தோட்டக்காரர்கள் தங்கள் கொட்டையைத் தங்கள் விருப்பப்படி விற்க முடிந்தது. ஒரே தோட்டம், ஒரே அறுவடை என்று இன்று ஸ்பெஷாலிட்டி காபிக்காரர்கள் பெருமையாகச் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம் வந்த சங்கதி.

பிராண்டு வேலையை ஒரு டிசைன் கம்பெனியிடம் கொடுத்தேன். மூன்று மாசம் கழித்து கறுப்புப் பை, தங்க எழுத்து, வாயில் நுழையாத ஒரு பெயர் எல்லாம் வந்தன. பையின் பின்பக்கம் ஒரு கதை: நூறு வருஷத்துக்கு முன் என் கொள்ளுத்தாத்தா பனியில் மலையேறிப்போய் முதல் காபி விதையை ஊன்றினாராம்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பாப்பா, உன் கொள்ளுத்தாத்தா ஜவுளிக்கடையில கணக்கு எழுதுனாரு. மலைப்பக்கமே போனதில்ல. அவருக்கு மூச்சுத்திணறல்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொடுத்த பணத்தை நினைத்து அழுகையும் வந்தது. அப்பா பையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் எழுதியிருக்க. சிக்கரி எவ்வளவுன்னு எழுதியிருக்கியா?"

எழுதவில்லை! சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டும் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். கொள்ளுத்தாத்தாவுக்கு இடம் ஒதுக்கிய டிசைனர் அதற்கு இடம் விடவில்லை. அந்தப் பைகளில் இப்போது வீட்டில் மிளகாய் வற்றல் இருக்கிறது.

பெயர் விஷயத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. மலையின் பெயரையே வைத்துவிடலாம் என்று வக்கீலிடம் போனேன். "ஊர்ப் பெயர் எல்லாருக்கும் சொந்தம். அதை மட்டும் வைத்து டிரேடு மார்க் வாங்குவது கஷ்டம். 'நல்ல காபி', 'சுத்தமான காபி' மாதிரி சரக்கின் குணத்தைச் சொல்லும் வார்த்தையும் அப்படித்தான்" என்றார். எங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல்லைக் கடைசியில் வைத்தோம். அதை இங்கே எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம்.

அடுத்த அடி சரக்கிலேயே விழுந்தது. ஸ்பெஷாலிட்டி என்றால் இளவறுப்புதான் என்று வீடியோக்களில் பார்த்து, தாண்டிக்குடி அராபிகாவை இளம்பழுப்பாக வறுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே டீச்சரம்மா பாக்கெட்டோடு வந்துவிட்டார்.

"ஏம்மா, பால் திரிஞ்ச மாதிரி ஒரு புளிப்பு. டிகாஷனும் இறங்கல, நிறமும் இல்ல. பாக்கெட்டுல ஓட்டை வேற."

ஓட்டை என்று அவர் சொன்னது வால்வை. வறுத்த கொட்டையிலிருந்து சில நாட்களுக்குக் கரியமிலவாயு வந்துகொண்டே இருக்கும். அது வெளியேறவும், காற்று உள்ளே புகாமலிருக்கவும்தான் அந்தச் சின்னத் துளை. அதை விளக்கிவிட்டேன். புளிப்பை என்ன சொல்லி விளக்க? இளவறுப்பில் பழப்புளிப்பு தங்கும். வெந்நீரை மட்டும் ஊற்றி வடித்து, பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு அதுதான் ருசி. பித்தளை ஃபில்டரில் கெட்டி டிகாஷன் இறக்கிப் பாலும் சர்க்கரையும் சேர்ப்பவருக்கு அது குறை. வாடிக்கையாளருக்கு ருசி தெரியவில்லை என்று சொல்பவர்கள் இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறார்கள். டம்ளரைப் பார்க்காமல் கொட்டையை வறுத்தது என் தப்பு.

அன்று ராத்திரி நாக்கு நோட்டை எடுத்து முழுக்கப் படித்தேன். எங்களுக்கென்று தனியாக ஒன்று இருந்தால் அது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. சாதாரணக் காக்கிப் பை வாங்கினோம். சட்டம் கேட்பதை அச்சடித்துவிட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டினோம். எந்தத் தோட்டம், எந்த மாச அறுவடை, என்றைக்கு வறுத்தது, சிக்கரி எத்தனை, யாருக்காக அரைத்தது - எல்லாம் அப்பா கையெழுத்தில். ஃபில்டருக்கு நடுத்தரத்தைவிடச் சற்றுக் கூடுதலான வறுப்பு. இளவறுப்பு கேட்பவர்களுக்குத் தனிப் பை. சீட்டை யாரோ போட்டோ எடுத்துப் போட, சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. 'சிக்கரி 20 என்று இவ்வளவு பெரிசாக எழுதியவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

இரண்டாம் வருஷம் பழம் பறிக்கும் நேரத்தில் மழை விடாமல் பெய்தது. களத்தில் கொட்டை காயவில்லை. நாங்கள் வாங்கும் தோட்டத்திலிருந்து வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. கையில் 60 பேருடைய பணம் இருந்தது. வியாபாரி ஒருவர் போன் போட்டார்: "கர்நாடகா ஏ இருக்கு, அருமையான சரக்கு. பைக்குள்ள போயிட்டா யாருக்குத் தெரியும்?"

உண்மையிலேயே நல்ல கொட்டைதான் அது. வறுத்துப் பார்த்தேன், எனக்கே வித்தியாசம் பிடிபடவில்லை. அந்த மாசம் வங்கித் தவணை வேறு. சொல்லிவிடுகிறேன், கொஞ்ச நேரம் மனசு ஆடியது. எதிரில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். "தோட்டம்னு போட்ட இடத்துல என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

'மலைச் சரக்கு தீர்ந்துவிட்டது. கர்நாடகக் கொட்டை சம்மதமா, அடுத்த அறுவடை வரை பொறுக்கிறீர்களா, பணத்தைத் திருப்பட்டுமா?' என்று 60 பேருக்கும் செய்தி அனுப்பினோம். 22 பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் பிறகு வரவே இல்லை. தவணைக்கு என் வளையல் போனது. அது இன்னும் வீடு திரும்பவில்லை.

இந்த ஜனவரியில் புதுக் கொட்டை வந்து இறங்கியது. அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. சீட்டில் எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. 'பிரிண்ட் போட்டுடலாமே' என்றால், ஒரு நாளைக்கு 20 சீட்டுக்கு மேல் முடியாது, ஆனால் எழுதுவேன் என்கிறார். அதனால் ஒரு நாளைக்கு 20 பைதான் போகின்றன.

டீச்சரம்மா வந்தார். முதல் பையை அவருக்குத்தான் அரைத்தேன். மறுநாள் போன் செய்தார்.

"கொஞ்சம் புளிப்பு இருக்கத்தான் செய்யுது. சரி, பரவாயில்ல. சிக்கரியைப் பதினஞ்சாக்கி இன்னொரு கால் கிலோ அரைச்சு வை. நோட்டுல மாத்திக்கோ."

மாற்றிக்கொண்டேன்.