இரண்டு வயதுப் பேத்தியும் பட்டணமும்

"பட்டணம் பார்க்கப் போதல்" என்றொரு வழக்கு எங்கள் தஞ்சைப் பகுதியில் முன்பு உண்டு. விடியற்காலை எழும்பூரில் வந்து இறங்கியவர்கள் ஒரே பகலில் செத்தகாலேஜ், உயிர்க்காலேஜ், மூர் மார்க்கெட், கடற்கரை ஆகிய அனைத்தையும் கண்டு, கால்வலியோடு இரவு வண்டியேறினால்தான் அது பட்டணம் பார்த்த கணக்கில் சேரும். செத்தகாலேஜ் என்றது பாந்தியன் சாலை அருங்காட்சியகத்தை. உயிர்க்காலேஜ் என்றது சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த மிருகக்காட்சிச் சாலையை. 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கப்பெற்ற அந்த உயிர்க்காலேஜ், பின்னர் சென்ட்ரல் பக்கம் பெயர்ந்து, 1985இல் வண்டலூருக்குச் சென்றுவிட்டது. மூர் மார்க்கெட் அதே 1985இல் தீக்கிரையாயிற்று. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்னும் அந்த வேட்கை மட்டும் எந்தத் தீயிலும் வேகாமல் இன்றுவரை நம்மிடையே இருந்து வருகிறது.

ஷார்ஜாவில் வாழும் என் மகள், கணவரோடும் இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆன குழந்தையோடும் பன்னிரண்டு நாள் விடுமுறையில் வந்திருந்தாள். உறவினர் வீடுகள், ஒரு திருமணம், ஒரு வலிமா, துணிக்கடை எனப் பத்து நாள்கள் பறந்துவிட, எஞ்சியது ஒரே ஒரு நாள். அந்த நாளுக்கு மருமகன் ஒரு பட்டியல் வைத்திருந்தார். காலையில் வண்டலூர், நண்பகலில் பெருங்கடைத் தொகுதி ஒன்று, மாலையில் கிண்டிச் சிறுவர் பூங்கா, அந்தியில் மெரினா. நல்ல மனத்தோடு எழுதிய பட்டியல்தான். ஆனால் வண்டலூர்ப் பூங்கா அறுநூறு ஹெக்டேர் பரப்புடையது. அதனை நடந்து காண வேண்டிய கால்களோ என் முழங்கையினும் குட்டையானவை!

பட்டியலை நான் மறுக்க வேண்டிய தேவை எழவில்லை. கிழமையே மறுத்துவிட்டது. அன்று செவ்வாய். வண்டலூருக்கும் கிண்டிப் பூங்காவுக்கும், அதனை அடுத்த பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய்தான் விடுமுறை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வரும் குடும்பத்தார் இந்த இரண்டு கிழமைகளை நினைவில் வைத்துக்கொள்வது நலம். பூட்டிய வாயிலின் முன் நின்று அழும் குழந்தைக்கு விடுமுறை அறிவிப்பைப் படித்துக் காட்டிப் பயனில்லை அல்லவா?

எனக்கோ அந்த நாளில் வேறொரு கவலை இருந்தது. அதை வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. என் பேத்திக்கு 'நன்னா' என்பவர் கைபேசிக்குள் இருக்கும் ஒரு சாண் மனிதர். நாள்தோறும் அவருக்குக் கையசைப்பாள், முத்தம் தருவாள். அந்த மனிதர் ஆறடி உயரத்தில் நேரே வந்து நின்றதும், தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்து நாளும் அப்படியே. இனிப்புக்கும் மசியவில்லை, பொம்மைக்கும் மசியவில்லை. இன்னும் இரண்டு நாளில் விமானம். அடுத்த வருகை எப்போதோ!

பிள்ளையை வைத்துக்கொண்டு நாள் வகுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அன்று, அதன் உறக்கத்தை. இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினொன்று முதல் பதினான்கு மணி நேரம் வரை உறக்கம் வேண்டும் என்பர். அதில் ஒரு பங்கு நண்பகலில் வந்தே தீரும். எங்கள் சின்ன ராணிக்குப் பன்னிரண்டரைக்குக் கண் செருகும். ஆகவே அவளுடைய 'ஒரு நாள்' என்பது ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதற்குள் அடங்குவது ஓர் இடம், ஒரே ஓர் இடம். நாங்கள் இருப்பது அண்ணா நகர். அங்கிருந்து 2017இல் நேரு பூங்கா வரையிலும், 2018இல் எழும்பூர், சென்ட்ரல் வரையிலும் மெட்ரோ ஓடத் தொடங்கியதால், வழியில் வண்டி மாறும் வேலையில்லை. "அருங்காட்சியகத்துக்குப் போவோம்" என்றேன்.

"அந்தச் சிலையெல்லாம் பிள்ளைக்கு என்ன புரியும்?" என்றார் என் துணைவியார். நியாயமான கேள்விதான். பிள்ளைக்குச் சிலை வேண்டாம். மர நிழலும், ஓடித் திரிய இடமும், சிரமமில்லாமல் திரும்பும் வழியும் போதும் என்றேன். மாற்றுடை இரண்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர், நெய் தடவிய இட்லி, வாழைப்பழம், ஈரத்துணி எல்லாம் ஒரு பையில் ஏறின. கைபேசி எண்ணை ஒரு பட்டையில் எழுதிக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டினேன். காணும் பொங்கலன்று மெரினாவில் காவலர்கள் செய்யும் ஏற்பாடு அது. கூட்டம் இல்லாத நாளிலும் அதைப் பின்பற்றுவதில் இழப்பொன்றும் இல்லை.

எழும்பூர் நிலையத்திலேயே அரை மணி கழிந்தது. நகரும் படிக்கட்டு, அதாவது எஸ்கலேட்டர், அவள் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. மேலே போனோம், கீழே வந்தோம், மறுபடி மேலே போனோம். மூன்றாம் முறை மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காதது போல் இருந்துகொண்டேன். வளாகத்துக்குள் நுழைந்த பின்பு, வரிசையாய்க் கிடந்த பழைய பீரங்கிகளைவிட அவற்றினருகே ஊர்ந்த எறும்பு வரிசை அவளுக்கு மேலானதாய்த் தோன்றிற்று. குந்தியிருந்து பார்த்தாள். நானும் குந்தினேன், முழங்கால் முனகிற்று. எறும்பு ஒன்று இட்லித் துணுக்கைச் சுமந்து சென்றதை அவள் எனக்குச் சுட்டிக் காட்டினாள். பத்து நாளில் அவள் என்னிடம் நேருக்கு நேராகச் சொன்ன முதல் செய்தி அது.

விலங்கியல் கூடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள், தலை சாய்ந்து விழப்போனாள். தாயின் கைகளில் பைகள். தந்தையோ புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். இருபுறமும் நோக்கிவிட்டு, இரண்டு கைகளையும் என் பக்கம் உயர்த்தினாள்.

"நன்னா, தூக்கு."

தூக்கினேன். "பெரிய மீனு" என்றாள். திமிங்கிலம் மீன் அன்று, பாலூட்டி என்பதை அவள் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கும். "ஆமாம், ரொம்பப் பெரிய மீனு" என்றேன்.

அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கவில்லை; செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தின் பக்கமே போகவில்லை. "மாமா, பாதிகூடப் பார்க்கலையே!" என்று மருமகன் வருந்தினார். கட்டணத்தில் பாதி வீணாயிற்றே என்பது அவர் மனக்குறை. நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஒரு சின்னக் கை என் தாடியை அளைந்துகொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் புறப்பட்டோம். வண்டி நேரு பூங்காவைத் தாண்டுமுன்பே என் தோளில் உறங்கிவிட்டாள். "கொடுங்க அத்தா, கை வலிக்கும்" என்று மகள் கை நீட்டினாள். "இருக்கட்டும்மா" என்றேன். அண்ணா நகரில் இறங்கியதும் மருமகனே எங்களை லிஃப்ட் பக்கம் அழைத்துச் சென்றார். எஸ்கலேட்டரின் ஓசையில் விழித்துக்கொண்டால் இன்னும் மூன்று முறை ஏறி இறங்க வேண்டியிருக்குமாம்.